ஒரு பென்னியும் ஒரு பிடி அரிசியும்

செஞ்சியில் வசிப்பவனுக்குச் சரித்திரம் என்றாலே கருங்கல் என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. கோனார் வமிசத்தார் தொடங்கி வைத்து, நாயக்கர்கள் விஸ்தரித்து, பீஜப்பூர்ச் சேனை பிடித்து, 1677இல் சிவாஜி கைக்கொண்டு, அவர் மகன் ராஜாராம் ஏறக்குறைய எட்டாண்டு காலம் மொகலாயரின் முற்றுகையைத் தாங்கியிருந்து, 1714இல் தேசிங்கு தன் குதிரையோடு தெருக்கூத்துக்குள்ளும் கதைப்பாட்டுக்குள்ளும் போய்ச் சேர்ந்துகொள்ள, பின்னர் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஏறி இறங்கிய மூன்று மலைகளும், அவற்றைப் பிணைத்தோடும் மதில்களும் எந்தத் தெருமுனையிலிருந்து நிமிர்ந்தாலும் கண்ணில் படுகின்றன. 2025 ஜூலையில் மராட்டியக் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியையும் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தபோது, ஊரார் அடைந்த சந்தோஷத்தில் ஆச்சரியம் கலந்திருக்கவில்லை. வெகு நாளாக வரவேண்டிய பாக்கி வந்து சேர்ந்தது என்ற திருப்தியே இருந்தது. இப்படிப்பட்ட ஊரில், ஓடு வேய்ந்த ஒரு சிறு கிறிஸ்தவ ஆலயத்துக்கும் எழுதத்தக்க விருத்தாந்தம் உண்டு என்று ஒருவன் சொன்னால், கேட்பவர் மரியாதைக்குத் தலையசைப்பார். அதற்கு மேல் எதுவும் எதிர்பார்ப்பதற்கில்லை.

கிறிஸ்தவம் செஞ்சிக்குப் புதிதன்று. பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் நிக்கோலாவ் பிமெண்டா என்ற ஏசு சபைக் குருவானவர் இங்கே வந்து கிருஷ்ணப்ப நாயக்கரைக் கண்டு பேசி, இந்தியாவில் தாம் கண்ட நகரங்களில் இதுவே பெரியது என்றும், லிஸ்பனைத் தவிர்த்தால் போர்த்துகலில் இதற்கு ஈடான ஊர் இல்லை என்றும் எழுதிவைத்துப் போனார். ஆனால் அதுவும் அரண்மனை வாசல் வழியாக வந்த கிறிஸ்தவம். ராஜாவின் தயவு, ராஜாவின் உத்தரவு என்ற பாஷையில் பேசியது. நான் இங்கே சிந்திக்க விரும்புவது வேறொரு வாசல் வழியாக, பெரும்பாலும் சேரியின் பக்கமிருந்தும் கடைத்தெருவின் பின்புறமிருந்தும் வந்து, ராஜா யார் என்று கேட்காமலே சுவரெழுப்பிக்கொண்ட சிற்றாலயங்களைப் பற்றி. அவற்றுள்ளும் விசேஷமாக, மெதடிஸ்ட் என்ற பெயரோடு தமிழ்நாட்டின் சிற்றூர்களில் நின்றவற்றைப் பற்றி.

செஞ்சியிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில் மண்டகப்பட்டு இருக்கிறது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதையும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு ஓர் ஆலயம் சமைத்தேன் என்று விசித்திரசித்தனாகிய மகேந்திரவர்மன் அங்கே பாறையில் பொறித்துவைத்திருக்கிறான். தமிழ்நாட்டுக் கட்டடக் கலையின் கதையைச் சொல்லுகிறவர்கள் எல்லாரும் இந்தச் சாசனத்தில் தொடங்குவார்கள். அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு எதிர்த்திசையில் ஒரு யோசனை ஓடும்: பல்லவன் விலக்கி வைத்த அந்த நான்கு பொருள்களைக் கொண்டே, அவற்றை மட்டுமே கொண்டு, மிஷன் காலத்து ஆலயங்கள் கட்டப்பட்டன. சூளைச் செங்கல், தேக்கு அல்லது பனஞ்சட்டம், இரும்பு ஆணி, சுண்ணாம்புக் காரை. நான்கும் அழிகிற வஸ்துக்கள். செங்கல் உப்புப் பூத்து உதிரும், சட்டத்தைக் கரையான் அரிக்கும், ஆணி துருவேறும், காரை மழைக்கு மழை பெயரும். பாறையைக் குடைந்த கோயிலை ஆயிரத்து முந்நூறு வருஷம் யாரும் திரும்பிப் பாராவிட்டாலும் அது நிற்கும். ஓட்டுக் கூரை ஆலயத்தை இரண்டு ஐப்பசி கவனிக்காமல் விட்டால் போதும், மூன்றாம் ஐப்பசியில் பீடத்தின் மேல் தண்ணீர் சொட்டும். ஆகவே அத்தகைய கட்டடத்தின் சரித்திரத்தை யார் கட்டினார் என்ற கேள்வியால் திறக்க முடியாது. யார் யார் எத்தனை தலைமுறை பழுது பார்த்தார்கள், அதற்குக் காசு எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி.

காசு என்ற சொல்லை இவ்வளவு சீக்கிரம் எடுத்துவிட்டதற்கு மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. ஏனெனில் மெதடிஸ்ட் சம்பிரதாயத்தின் உயிர்நிலையே ஒரு கட்டடக் கடனிலிருந்து பிறந்தது. 1739இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜான் வெஸ்லி ஒரு கூடம் கட்டத் தொடங்கினார், புதிய அறை என்று அதற்குப் பெயர், இன்றும் இருக்கிறது. கூடம் எழுந்தது, கடனும் எழுந்தது. 1742 பிப்ரவரி மாதம் 15ஆம் தேதி அந்தக் கடனைத் தீர்க்க வழி தேடிச் சபையார் கூடியிருந்தபோது, கப்பல் தலைவர் ஃபாய் என்பவர் எழுந்து, கடன் தீரும் மட்டும் ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுக்கட்டும் என்றார். இங்கே பலருக்கு அந்த ஒரு பென்னிக்கும் வழியில்லையே என்று மற்றொருவர் ஆட்சேபித்தார். அப்படியானால் பரம ஏழைகளாகப் பார்த்துப் பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், வாரந்தோறும் அவர்கள் வீட்டுக்கு நானே போகிறேன், கொடுக்க இயலாதவர்களுக்கு நானே கொடுத்துவிடுகிறேன் என்றார் ஃபாய். மற்றவர்களும் அப்படியே பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். போன இடத்தில் பென்னி கிடைத்ததோ இல்லையோ, இன்னார் குடித்துவிட்டுக் கிடக்கிறார், இன்னார் வீட்டில் புருஷன் பெண்சாதி சண்டை என்ற சங்கதிகள் கிடைத்தன. வசூலுக்குப் போனவர்கள் இதைச் சொல்லக் கேட்ட வெஸ்லி, இத்தனை நாளாகத் தாம் தேடிக்கொண்டிருந்த ஏற்பாடு இதுதான் என்று பிடித்துக்கொண்டார். கடன் வசூலிக்கும் குழு, ஆத்தும விசாரணை செய்யும் வகுப்பாயிற்று. வசூல்காரர் வகுப்புத் தலைவரானார். உலகெங்கும் பரவிய ஒரு சபையின் அடிப்படை அமைப்பு, சுவருக்கும் கூரைக்கும் பட்ட கடனிலிருந்து இவ்விதமாக உண்டாயிற்று. பெரிய தத்துவங்களுக்குப் பெரிய பிறப்புத்தான் இருக்கவேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு இது சற்று ஏமாற்றமாகவே இருக்கும். எனக்கோ, மத ஸ்தாபனங்களின் வரலாற்றில் இவ்வளவு ஒளிவுமறைவற்ற ஆரம்பம் வேறு இருப்பதாகத் தோன்றவில்லை.

அந்த ஸ்தாபனம் தமிழரிடம் வந்து சேர்ந்த கதையிலும் கடன் குறுக்கிடுகிறது. அறுபது கடந்த மெதடிஸ்ட் போதகர் தாமஸ் கோக், கீழ்நாடுகளுக்குப் போயே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்து, 6000 பவுன் வரை தம் சொந்தச் சொத்திலிருந்து செலவு செய்வதாக வாக்களித்து, 1813ஆம் வருஷக் கடைசியில் இளம் போதகர் சிலரோடு கப்பலேறினார். 1814 மே 3ஆம் தேதி காலை இந்து மகாசமுத்திரத்தின் நடுவில் அவரை அறையில் இறந்து கிடக்கக் கண்டார்கள். சடலம் கடலுக்குப் போயிற்று; அவருடைய கையெழுத்தன்றி அவர் பணத்தைத் தொட வழியில்லாத இளைஞர்கள் பம்பாயில் கையை விரித்துக்கொண்டு இறங்கினார்கள். அங்கிருந்த ஆங்கிலேய வணிகர் ஒருவர் நம்பிக் கொடுத்த கடனைக் கொண்டு ஜூன் இறுதியில் இலங்கையின் காலித் துறைமுகத்தை அடைந்து, தங்களுக்குள் ஊர்களைப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஜேம்ஸ் லிஞ்சும் தாமஸ் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணம் போனார்கள். வில்லியம் ஆல்ட் மட்டக்களப்புக்குத் தனியாகப் போனார். அவர் மனைவி வரும் வழியிலேயே கப்பலில் இறந்துபோயிருந்தார். எட்டு மாதம் அங்கே பள்ளிக்கூடங்களுக்காக அலைந்து, 1815 ஏப்ரல் முதல் தேதி அவரும் காலமானார். மட்டக்களப்பு வாவிக் கரையில் அவருக்குச் சிலை இருக்கிறது. எட்டு மாதத்துக்கு ஒரு சிலை என்றால் அது அதிகமா குறைவா என்று தெரியவில்லை. அந்த ஊரின் மெத்தடிஸ்த மத்திய கல்லூரி தன் வயதை அவர் வந்த 1814ஆம் வருஷத்திலிருந்து எண்ணிக்கொள்ளுகிறது.

லிஞ்ச் 1817இல் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு வந்தார். 1819இல் இராயப்பேட்டையில் வெஸ்லியன் ஆலயம் எழுந்தது. பிறகு நாகப்பட்டினம், மன்னார்குடி, திருவாரூர், கரூர், திருவள்ளூர் என்று மெதடிஸ்ட் மிஷன் கால் ஊன்றிய ஊர்களின் வரிசை நீளும். அந்த வரிசையில் செஞ்சிப் பக்கம் வராததற்குக் காரணம், மிஷன்கள் தங்களுக்குள் வட்டாரம் பிரித்துக்கொண்டு ஒருவர் எல்லையில் மற்றவர் புகாமலிருந்த அக்காலத்து நியாயம். நமக்குக் கிழக்கே திண்டிவனம் அமெரிக்க ஆர்க்காடு மிஷனுக்கு. மேற்கே திருவண்ணாமலையும் தெற்கே திருக்கோயிலூரும் டென்மார்க்கு லூத்தரன்களுக்கு. அமெரிக்க மிஷன் ஸ்கடர் குடும்பத்தாருடையது. திண்டிவனத்து மிஷன் பங்களாவில் ஓர் இரவு, பிரசவ வேதனையில் கிடந்த தங்கள் மனைவியருக்கு உதவி கேட்டு மூவர் ஒருவர் பின் ஒருவராக வந்து, ஆண் வைத்தியரை உள்ளே விட மனமில்லாமல் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த ஒரே இரவு அக்குடும்பத்துப் பெண் ஐடா ஸ்கடரை வைத்தியம் படிக்க அனுப்பியதும், அதன் பயனாக வேலூர் ஆஸ்பத்திரி உண்டானதும் பலரும் அறிந்த செய்தி. வட்டாரப் பிரிவினையின் விளைவு ஒன்று உண்டு. ஒரு குடியானவன் மெதடிஸ்ட் ஆவதும் லூத்தரன் ஆவதும் பெரும்பாலும் அவன் ஆராய்ந்து எடுத்த முடிவன்று. அவன் ஊர் எந்தப் பாதையோரத்தில் இருந்தது என்பதைப் பொறுத்தது. ஐரோப்பாவில் ரத்தம் சிந்திச் சம்பாதித்த பேதங்கள் இங்கே தாலுக்கா எல்லைகளாகச் சுருங்கிப் போயின. அது நல்லதற்குத்தான் என்பது என் அபிப்பிராயம்.

மதங்களுக்கு இடையிலிருந்த எல்லையும் அவ்வளவு இறுக்கமானதன்று. யாழ்ப்பாணத்து மெதடிஸ்ட் பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியராயிருந்தவர் ஆறுமுக நாவலர். பீட்டர் பெர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கியபோது பக்கத்திலிருந்து உதவி, 1848இல் அவரோடு சென்னைக்கும் வந்துபோனவர். அவரே 1847 டிசம்பர் 31ஆம் தேதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். வாரம் தவறாமல் ஒருவர் நின்று பேச, மற்றவர்கள் உட்கார்ந்து கேட்கும் அந்த வழக்கம் எந்தக் கூடத்திலிருந்து எந்த மண்டபத்துக்குப் போயிற்று என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆலயச் சுவர்கள் தடுக்க நினைத்ததைக் காட்டிலும் கசியவிட்டது அதிகம்.

பிரிஸ்டலின் பென்னிக்கு நம் ஊர்ச் சபைகளில் ஈடாக நின்றது பிடி அரிசி. உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிப் பானையிலோ தகர டப்பாவிலோ போட்டுவைத்து, ஞாயிற்றுக்கிழமை துணியில் முடிந்து கொண்டுவருவது. மடங்களுக்கும் அன்னதானத்துக்கும் இதே போல் அரிசி எடுத்து வைத்தது நம் நாட்டின் பழைய பழக்கம். காஞ்சிப் பெரியவரும் பிற்காலத்தில் அதை ஒரு திட்டமாக்கினார். கையில் காசு புழங்காத ஜனங்கள் கூலியாக வாங்கிய நெல்லிலிருந்தே உபதேசியாருக்குச் சம்பளமும் கூரைக்குக் கீற்றும் கொடுத்தார்கள் என்பதையும், அந்தப் பிடியை எடுத்தவள் வீட்டுப் பெண் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். புருஷனைக் கேட்டுக்கொண்டு எடுத்தாளோ கேளாமல் எடுத்தாளோ, உலை வாயில் நின்று அவள் கொடுத்த தானம் அது. வருஷத்துக்கு ஒரு முறை கொடுத்து ஆலயத்தின் சுவரில் பெயர் பொறிக்கப்பட்ட கனவான் எவரும் அவ்வளவு இடைவிடாமல் கொடுத்திருக்க முடியாது.

அறுப்பின் பண்டிகையைப் பார்த்தவர்களுக்கு இதன் மற்றொரு முகம் தெரியும். ஆராதனை முடிந்ததும் ஆலய முற்றத்தில் பூசணி, வாழைத்தார், மல்லாட்டை மூட்டை, கால் கட்டிய சேவல், ஈன்ற பசுவின் முதற்பால், முட்டை எல்லாம் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். குரல் வளம் உள்ள மூப்பர் ஒருவர் சேவலைத் தலைக்கு மேல் தூக்கி ஏலம் கூறுவார். சந்தையில் முந்நூறு பெறாத சேவலை ஒருவர் எழுநூற்றுக்கு எடுப்பார். எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டு போகாமல் அங்கேயே திரும்பக் கொடுத்துவிடுவார். அதே சேவல் மறுபடியும் ஏலத்துக்கு வரும். சம்பந்திகள் இருவர் வீம்புக்கு ஏற்றிக்கொண்டே போனால் கூட்டத்துக்குக் கொண்டாட்டம். சேவல் மட்டும் ஒன்றும் விளங்காமல் ஒவ்வொரு தடவையும் கத்தும். வியாபார சாஸ்திரம் படித்தவர் இந்த விலையைக் கண்டு திகைப்பார். அங்கே விற்பனைக்கு வந்தது சேவலன்று, மேற்குச் சுவரின் பூச்சு வேலை என்பது ஏலம் எடுப்பவருக்கும் தெரியும், கூறுபவருக்கும் தெரியும்.

சுவரும் கூரையும் இருக்கட்டும்; அவற்றின் அடியிலிருந்த நிலம் யாருடையது? மிஷன் சரித்திரங்களில் வேகமாகக் கடந்து செல்லப்படும் இந்தக் கேள்வியில்தான் எனக்கு அதிகச் சிரத்தை. செங்கற்பட்டு ஜில்லாவில் மிராசுதார் அநுமதியில்லாமல் பண்ணையாள் ஒருவன் தன் குடிசை நிற்கும் மனையையும் தனது என்று சொல்ல முடியாத நிலை இருந்தது. எஜமானுக்குப் பிடிக்காத காரியம் செய்தவனை அந்த மனையிலிருந்து கிளப்பிவிட முடியும். அப்படியிருக்க, அங்கே ஜெபவீடு ஒன்று எழுப்புவதென்றால் எஜமானின் முகத்தைப் பார்க்காமல் முடியுமா? கலெக்டர் டிரமென்ஹீர் 1891இல் இந்த அவலத்தைப் பற்றி அரசாங்கத்துக்கு எழுதிய குறிப்பும், அதன் மீது 1892 செப்டம்பர் 30இல் பிறந்த அரசாணையும் பின்னாளில் பஞ்சமி நிலம் என்று பேசப்படும் விவகாரத்துக்கு வேராயின. அந்த வாதத்தில் பாதிரிமார் இருவர் ஓயாமல் குரல் கொடுத்தார்கள். ஒருவர் செங்கற்பட்டில் இருந்த ஸ்காட்லாந்து சபையின் ஆடம் ஆண்ட்ரூ. மற்றவர் திருவள்ளூரை அடுத்த ஈக்காட்டில் இருந்த மெதடிஸ்ட் போதகர் வில்லியம் கவுடி. 1894இல் கவுடி நிலத்தைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதினார். உபதேசம் செய்ய வந்தவர் பட்டாவைப் பற்றி ஏன் பேசவேண்டும் என்று அவரைக் கேட்டவர்கள் உண்டு. மனை சொந்தமில்லாதவனுக்கு ஆலயம் எப்படிச் சொந்தமாகும் என்பது, ஈக்காட்டில் தினமும் சேரிக்குள் நடந்தவருக்குத் தானாகவே விளங்கியிருக்கும். மிஷன் பேரில் வாங்கிய ஒரு துண்டு நிலத்தில் எழுந்த ஆலயமே, அந்த ஜனங்கள் யாரையும் கேளாமல் நிமிர்ந்து உட்காரக்கூடிய முதல் இடமாகப் பல கிராமங்களில் இருந்தது. அதன் கட்டடக் கலை சாமானியமானதுதான். ஆனால் செஞ்சிக் கோட்டை மதிலுக்கு உள்ளே கல்யாண மகாலைக் கட்டிய ராஜ்யத்தில், கல் சுமந்தவனின் பேரனுக்கு அப்படி ஓர் இடம் கிடைக்க எத்தனை நூற்றாண்டு ஆயிற்று என்பதையும் கூட்டிக்கொண்டுதான் அந்தக் கட்டடத்தை மதிக்கவேண்டும்.

கூரைக்கு வருவோம். முதலில் கீற்று, பிறகு நாட்டு ஓடு, வசதி வந்தபின் மங்களூர் ஓடு என்ற கிரமத்தில் இந்த ஆலயங்கள் வளர்ந்தன. 1865இல் மங்களூரின் ஜெப்புவில் ஓட்டுத் தொழிற்சாலை வைத்ததும் ஒரு மிஷன்தான்: ஜெர்மன் பேசும் பாசல் மிஷன். மதம் மாறியதால் வேலை இழந்தவர்களுக்கு வேலை கொடுக்க ஏற்பட்ட அந்தத் தொழில், ரயில் நிலையம், பள்ளிக்கூடம், கச்சேரி, அக்கிரகாரத்து மாடி என்று மத பேதம் பாராமல் தென்னாட்டின் தலையை மூடிவிட்டது. ஓட்டைப் புரட்டிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் தொழிற்சாலைப் பெயர் புடைப்பாக இருக்கும். பழைய ஆலயத்தில் ஓடு மாற்றுகிற ஆள் ஒன்றை இறக்கி மண்ணைத் துடைத்துக் காட்டும்போது, பக்கத்துப் பக்கத்து ஓடுகளில் வெவ்வேறு சூளைப் பெயர்கள் வருவதைக் காணலாம். ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் கிடைத்த ஓட்டை வாங்கிச் செருகியிருக்கிறார்கள். ஒரே கூரையில் பல காலத்து ஓடுகள்; எந்த வருஷம் எது உடைந்தது என்று அவை சொல்லமாட்டா, ஆனால் விட்டுவிடாமல் மாற்றினார்கள் என்பதைச் சொல்லும்.

1919இல் தரங்கம்பாடியில் கூடி யோசிக்கத் தொடங்கிய சபைகளின் ஐக்கியம் 1947 செப்டம்பர் 27இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் நிறைவேறியபோது, தென்னிந்தியாவின் பிரிட்டிஷ் மெதடிஸ்டுகள் ஆங்கிலிக்கரோடும் தென்னிந்திய ஐக்கிய சபையோடும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனார்கள். அமெரிக்க மெதடிஸ்டுகள் சேரவில்லை. இலங்கையிலும் மெதடிஸ்ட் சபை தனியாகவே இருக்கிறது. இங்கே பலகைகள் மாறின. ஊர் வாய் மாறவில்லை: மெதடிஸ்ட் கோயில், அமெரிக்கன் மிஷன், லண்டன் மிஷன் என்று ஆட்டோக்காரரிடம் இன்றும் சொன்னால்தான் சரியான வாசலில் கொண்டுபோய் விடுகிறார்.

இப்போது ஓட்டுக் கூரைகள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருக்கின்றன. ஜீரணோத்தாரணம் என்ற பெயரில் பழையதை அடியோடு இடித்து, உயர்ந்த கோபுரமும் சலவைக்கல் தளமும் குளிரூட்டியுமாகக் கான்கிரீட்டில் கட்டுகிறார்கள். வெயிலிலும் ஒழுக்கிலும் உட்கார்ந்தவர்களின் பிள்ளைகள் சற்றுச் சௌகரியமாக உட்கார விரும்புவதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பழைய சுவரை ரசிப்பவன் பெரும்பாலும் அதன் கீழ் வாரந்தோறும் உட்காராதவன். உறுத்துவது வேறு. வாசலில் பளபளக்கும் கருங்கல் பலகையில் அடிக்கல் நாட்டியவர், திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர், கமிட்டி அங்கத்தினர் அனைவரும் பதவி வரிசையில் நிற்கிறார்கள்; மின்விசிறியின் இறக்கையிலும் குழல் விளக்கிலும் உபயம் என்று பெயர் எழுதியிருக்கிறது. பிடி அரிசி கொடுத்தவளின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. அது இருக்கிற இடம், இரும்புப் பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய வரவு செலவு நோட்டு. அதிலும் அவள் பெயர் தனியாக இராது, வாரத்துக்கு இத்தனை படி என்று மொத்தத்தில் கரைந்திருக்கும். சரித்திர ஆசிரியர் சீனிவாசாச்சாரியார் 1943இல் செஞ்சியின் சரித்திரத்தை எழுதியபோது சாசனங்களும் மராட்டியப் பக்கர் வரலாறுகளும் ஊர்க் கைபீதுகளும் கடிதங்களும் அவருக்குக் கைகொடுத்தன. சிற்றாலயத்தின் சரித்திரத்தை எழுத வருகிறவருக்கு அந்த நோட்டையும், ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகளையும் தவிர வேறு ஆதாரம் கிடையாது. இடிப்பதற்கு முன் உத்தரத்தையும் ஓட்டையும் விலை பேசி விற்றுக் கணக்கில் வரவு வைக்கிற கமிட்டிகள், பெட்டியைக் காலி செய்யும்போது நோட்டைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடுகின்றன. எடைக்கு அது சில ரூபாய் பெறும்.